என் பஸ்ஸில் யாரும் தூங்கவில்லை

என் மனைவி ஓர் இளம் ஆய்வாளர். வயது நாற்பத்து மூன்று.

இதைக் கேட்டால் சிரிப்பு வரும் என்று தெரியும். ஒரு கல்யாணப் பந்தியில் என் மைத்துனர் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: "இவங்க இளம் ஆய்வாளரா? அப்ப நான் பாலர் பள்ளியா?" முனைவர் பட்டம் வாங்கிச் சில ஆண்டுகளே ஆனவர்களை ஆராய்ச்சி உலகத்தில் அப்படித்தான் அழைக்கிறார்கள். வயதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. தற்காலிக ஆசிரியையாக வேலை செய்துகொண்டு, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, பகுதி நேரமாகப் படித்துப் படித்து அவள் அங்கே போய்ச் சேர்ந்தபோது தலையில் நரை வந்துவிட்டது. இதையெல்லாம் பந்தியிலேயே மைத்துனருக்குச் சொல்லியிருக்கலாம். நான் ரசம் கேட்டேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுத்தில் கொஞ்சம் வரும்.

நான் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்தவன். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். ஆராய்ச்சியைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அந்த ஆராய்ச்சி நடந்தது என் பஸ்ஸில். விண்ணப்பம் எழுதப்பட்டது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

அவளுடைய இரண்டாவது விண்ணப்பத்தின் முடிவு இன்னும் வரவில்லை. வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். மானியம் கிடைத்தால், 'பிடிவாதமா நின்னு ஜெயிச்சிட்டாங்க' என்பார்கள். கிடைக்காவிட்டால், 'அப்பவே சொன்னோம், கேட்டாங்களா' என்பார்கள். இரண்டு பேச்சும் எனக்கு வேண்டாம். அவள் செய்தது சரி. முடிவைப் பார்த்துவிட்டு நான் இதை மாற்றிச் சொல்லப்போவதில்லை.

பல்கலைக்கழகத்தில் அவள் ஒப்பந்த விரிவுரையாளர். வேலையிடப் பாதுகாப்பு பற்றிப் பாடம் நடத்துகிறாள். ஒப்பந்தம் நீள வேண்டும் என்றால் ஓர் ஆய்வு மானியம் கையில் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. சொந்தத் தலைப்பில் விண்ணப்பித்து, தலைமை ஆய்வாளர் என்ற இடத்தில் தன் பெயரைப் போடுவது ஒன்று. முதல் முறை விண்ணப்பிப்பவர்களுக்கு அது கிடைப்பது அரிது. தலைப்பை ஒரு மூத்த பேராசிரியரிடம் கொடுத்துவிட்டு, அவருக்குக் கீழே உறுப்பினராக இருந்துகொள்வது இன்னொன்று. அதில் வேலை தப்பும், ஆனால் ஆய்வு அவருடையதாகிவிடும். எல்லோரும் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள், அதில் தப்பில்லை என்று அவளிடம் பலர் சொன்னார்கள். அவள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தாள்.

அந்தத் தலைப்பு கிடைத்த கதை இதுதான். நாங்கள் ரெங்கத்தில் இருக்கிறோம். நான் விடியற்காலையில் ரெங்கம், லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் பகல் சிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு செனாய் பக்கம் உள்ள ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் இறக்குவேன். இரவு சிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு அதே வழியில் திரும்புவேன். முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஒரு நாள் காலையில் மனைவி தன் காரைக் கூலாயில் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு என் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினாள். ஏறியவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

பஸ் முழுக்கத் தூக்கம். கண்ணாடியில் தலை சாய்த்தவர்கள், முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்தவர்கள், வெயில் படாமல் ஜன்னலில் துண்டைச் செருகிக்கொண்டவர்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிக் காலை மடக்கி, கட்டிலில் படுத்தது போல் இரண்டு சீட்டில் சுருண்டிருந்தாள். எனக்கு இது தினமும் பார்க்கிற காட்சி. என் மனைவி மட்டும் கோயில் கதவு திறந்தாற்போல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முன் சீட்டில் எப்போதும் உட்காரும் அக்கா ஒருவர் உண்டு. பஸ்ஸில் எல்லோரும் அவரை டிபன் அக்கா என்பார்கள். கையில் எப்போதும் ஒரு டிபன் கேரியர் இருக்கும். அவர் இறங்கும்போது மனைவி கேட்டாள்: "அக்கா, வீட்டுக்குப் போயி நல்லா படுத்துத் தூங்குவீங்களா?"

அக்கா சிரித்துவிட்டார். "வீட்டுக்குப் போனா துணி கெடக்கும், சமையல் கெடக்கும். செத்த கண்ண மூடலாம்னா பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துரும். இதுல தூங்குறதுதான் தூக்கம் டீச்சர். பஸ்ஸு ரிப்பேருன்னா அன்னைக்கு நாங்களும் ரிப்பேரு."

அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள். வேலையிடப் பாதுகாப்பு என்று மெஷினைப் பார்க்கிறார்கள், ஹெல்மெட்டைப் பார்க்கிறார்கள். இந்தப் பெண்களின் தூக்கம் தொழிற்சாலையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. நடுவில் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. அவள் அதைப் பார்க்கப் போகிறாள்.

"பஸ்ல தூங்குறதுக்கெல்லாம் ஆராய்ச்சியா லா?" என்று என் மைத்துனர் இதற்கும் சிரித்தார். எண்ணெய்ப்பனைக் குலைக்கு ஆராய்ச்சி உண்டு. பால் வெட்டுகிற கித்தா மரப் பட்டைக்கு உண்டு. தோட்டத்து எலியைப் பிடிக்கிற ஆந்தைக்குக்கூட உண்டு. அந்தத் தோட்டத்துப் பெண்களின் தூக்கத்துக்கு இருந்தால் மட்டும் சிரிப்பு வருகிறது.

அதன் பிறகு எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை. விண்ணப்பம் என்றால் ஏதோ பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுவது என்று நினைத்திருந்தேன். அது ஒரு வீடு கட்டுவது போல இருந்தது. இதுவரை உலகத்தில் யார் யார் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அவர்கள் எதைப் பார்க்காமல் விட்டார்கள், நீ எப்படிப் பார்க்கப் போகிறாய், எந்த மாதம் எதைச் செய்வாய், இதனால் நாட்டுக்கு என்ன பயன் என்று எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். பாதி மலாயில், பாதி ஆங்கிலத்தில். எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும். ஒரு பெட்டியில் அளவுக்கு மேல் ஓர் எழுத்து கூடினாலும் அது சிவப்பாகி நிற்கும். மாதங்களைக் காட்டும் வண்ணக் கட்டங்களை அவள் இழுப்பதும் குறுக்குவதுமாக இருப்பாள். நான் சமையலை ஏற்றுக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது சம்பால், பொரித்த முட்டை, பருப்பு. பிள்ளைகள் முகத்தைச் சுளித்தாலும் சாப்பிட்டார்கள்.

சாதாரண மனிதருக்கும் புரியும்படி ஒரு சுருக்கம் எழுத வேண்டும் என்று விதி இருந்தது. அதை எழுதி முடித்து, "நீங்க கேளுங்க, புரியுதான்னு சொல்லுங்க" என்று என்னை எதிரில் உட்கார வைத்து வாசித்தாள். காலையில் எழுந்து வண்டி ஓட்டிய களைப்பு. எங்கே தலை சாய்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏங்க!"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கொறட்ட விட்டுக்கிட்டே கேப்பீங்களோ?" என்று சிரித்தவள், அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுதினாள். யாருக்காகவும் அவள் இப்படிச் செய்ய வேண்டியதில்லை. அந்தச் சுருக்கத்தை முழுசாகப் படிப்பார்களா என்றே தெரியாது.

விண்ணப்பத்தோடு ஒரு முன்னோடி ஆய்வும் வேண்டும். பெரிய ஆய்வு நடக்கும் என்று நம்புவதற்குச் சின்னதாக ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். என் பஸ்ஸிலேயே ஒரு வாரம் காலையில் வந்து, யார் தூங்குகிறார்கள், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை தூங்குகிறார்கள் என்று குறிப்பது என்று தீர்மானித்தாள். மனிதர்களை வைத்து ஆய்வு செய்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். திருட்டுத்தனமாகப் பார்க்கக் கூடாது. பல்கலைக்கழக அனுமதியும் பஸ் முதலாளியின் அனுமதியும் வாங்கிய பின், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்து, பஸ் புறப்படுமுன் விவரமாகச் சொன்னாள். எல்லோரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். அதுவரை டீச்சராக இருந்தவள் அன்றிலிருந்து அவர்களுக்கு டாக்டர்.

திங்கட்கிழமை காலை தொழிற்சாலை வாசலில் அவர்கள் வெளியே வந்ததைப் பார்த்தபோதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வழக்கமாக முகம் தொங்கிப்போய், செருப்பை இழுத்துக்கொண்டு வருவார்கள். அன்று எல்லோரும் முகம் கழுவியிருந்தார்கள். பவுடர், பொட்டு. இரண்டு பேர் சீருடையைக் கழற்றிவிட்டு நல்ல சுடிதார் போட்டிருந்தார்கள். கடைசி சீட்டில் எப்போதும் சுருண்டு படுக்கிற தங்கச்சி தலையில் பூ வைத்திருந்தாள். டிபன் அக்காவின் கேரியர் அன்று அடுக்கு கூடி இருந்தது.

"டாக்டர், பசியாறிட்டீங்களா?"

"இன்னும் இல்லக்கா. நீங்க எப்பவும் போல தூங்குங்க. நான் இங்க இல்லன்னு நெனச்சுக்குங்க."

"அதெப்படி டாக்டர் நெனைக்கிறது? கண்ணு முன்னாடி உக்காந்திருக்கீங்க. இந்தாங்க, மீகூன். காரம் கம்மியாத்தான் போட்டேன்."

பஸ் கூலாயைத் தாண்டியது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வந்தது போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். லாயாங் லாயாங் தாண்டினால் வழக்கமாக என்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்கும். அன்று கல்யாண பஸ் மாதிரி இருந்தது. நாலாவது சீட்டில் இருந்த மலாய்க்காரப் பெரியம்மா, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுபவர், தன் முட்டி வலிக்கு மருந்து கேட்டார். தான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று மனைவி மலாயில் விளக்கினாள். "பரவால்ல, எது தெரியுதோ அதச் சொல்லுங்க" என்று மாக்சிக் முட்டியைக் காட்டினார். கடைசி சீட்டுத் தங்கச்சிக்குக் கண் சொருகியது. பக்கத்திலிருந்தவள் விலாவில் ஒரு குத்து விட்டாள்.

அந்த வாரம் முழுக்க இதே கதை. பசியாறல் மட்டும் தினமும் மாறியது. இட்டிலி, நாசி லெமாக், ஒரு நாள் கேக்கும்கூட வந்தது. மனைவியின் கையிலிருந்த தாளில் குறிப்பதற்கு எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை டிபன் அக்கா இறங்குகிற இடத்தில் அவளும் இறங்கி நின்றுகொண்டு கேட்டாள்.

"அக்கா, ஏன் யாருமே தூங்கல?"

"நீங்க வந்திருக்கீங்க, நாங்க எப்படித் தூங்குறது?"

"நீங்க தூங்குறதப் பாக்கத்தானே வந்தேன்!"

"அதான் சொல்றேன். நீங்க மெனக்கெட்டு வந்திருக்கீங்க. ஒங்க முன்னாடி வாயப் பொளந்துகிட்டு, எச்சி ஒழுகத் தூங்குனா மரியாதையா இருக்குமா? வீட்டுக்கு ஆளு வந்தா யாராச்சும் படுத்துத் தூங்குவாங்களா?"

"இது பஸ்ஸுக்கா."

"ஒங்களுக்கு பஸ்ஸு" என்று சொல்லிவிட்டு அக்கா கேரியரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவி கணினியையும் வெறும் தாள்களையும் மேசையில் அருகருகே வைத்தாள். விண்ணப்பத்தில் அவள் எழுதியிருந்தது, இந்தப் பெண்களின் முக்கியமான தூக்கம் பஸ்ஸில்தான் நடக்கிறது என்பது. கையிலிருந்த முன்னோடி ஆய்வு, பஸ்ஸில் ஒருவரும் தூங்குவதில்லை என்று சொல்லியது. கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில் தீபாவளி வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடும் திறந்த இல்ல உபசரிப்புக்கு அவளுடைய துறையின் மூத்த பேராசிரியர் தன் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தமிழர்தான். நல்ல மனிதர் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அவள் துறையில் சேர்ந்த நாளில் எல்லோருக்கும் அவளை அறிமுகப்படுத்தி வைத்தவர் அவர்தான். முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு, எல்லா உறவினர்களும் உட்கார்ந்திருந்த கூடத்தில், அவர் அவளுடைய ஆய்வைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நடந்ததை அவள் அவரிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

"அந்த பைலட் ஸ்டடிய எடுத்துரும்மா. தோத்துப்போனத யாராச்சும் காட்டுவாங்களா?"

"அது நடந்தது சார். நடந்தத எப்படி எடுக்குறது?"

"சரி, எடுக்காத. அப்ப தலைப்ப என்கிட்ட குடு. என் பேரு மேல இருந்தா யாரும் பைலட்ட நோண்ட மாட்டாங்க. நீ மெம்பரா இரு, வேல எல்லாம் நீயே செய். காண்ட்ராக்டப் பத்தி நான் மேல பேசிக்கிறேன். ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னா தம்பி, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க. வீட்டுக்காரர் சொன்னா கேப்பாங்க."

நான் ரெண்டாங் கறிக் கிண்ணத்தோடு நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். மைத்துனர், அவர் குடும்பம், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒப்பந்தம் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டுக் கடனும் பிள்ளைகள் படிப்பும் ஒரு பஸ் டிரைவரின் சம்பளத்தில் நிற்காது.

"அவ பேரே மேல இருக்கட்டும் சார்" என்றேன்.

கரண்டியில் ஒரு துண்டை அள்ளினேன். "ரெண்டாங் இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டேன்.

"போடுங்க" என்றார் பேராசிரியர். தட்டை நீட்டினார். மைத்துனர் என் காதருகில் வந்து, "ஒனக்கு வாயிருக்கா?" என்று கேட்டார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார்.

மனைவி தோல்வியை எடுக்கவில்லை. முன்னோடி ஆய்வில் யாரும் தூங்கவில்லை என்பதையும், ஏன் தூங்கவில்லை என்று அக்கா சொன்னதையும் அப்படியே எழுதினாள். அதை அனுப்புமுன் பல்கலைக்கழகத்தில் ஓர் உள் தேர்வுக் குழு உண்டு. அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் விண்ணப்பம் மேலே போகும். குழு கூடிய அன்று நான் அவளைக் காரில் அழைத்துப்போனேன். கேன்டீனில் ஒரு தே தாரிக் டீயை ஆறவிட்டுக்கொண்டு காத்திருந்தேன். திரும்பி வந்தவள், "சிரிச்சாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"மீகூனுக்கு."

"அப்புறம்?"

"கையெழுத்துப் போட்டாங்க. 'ஒங்க இஷ்டம்'னு சொல்லிட்டுப் போட்டாங்க."

விண்ணப்பம் போனது. சில மாதங்களில் முடிவு வந்தது. இல்லை. முன்னோடி ஆய்வு அடிப்படைக் கருத்தை ஆதரிக்கவில்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். ஒப்பந்தத்தை ஒரே ஒரு வருடம் மட்டும் நீட்டினார்கள். கதவு இன்னும் திறந்திருக்கிறது, தலைப்பைக் கொண்டு வா என்று பேராசிரியர் சொல்லியனுப்பினார். அன்று சாயங்காலம் அவள் மேசையில் உட்கார்ந்து, பழைய விண்ணப்பத்தைத் திறந்து, மேலே இருந்த தன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேமித்து வைத்து, புதுப் பெயரில் ஒரு கோப்பைத் தொடங்கினாள். தலைப்பு அதேதான்.

பஸ்ஸில் செய்தி பரவியது. நான் சொல்லவில்லை. நான் எதையும் சொல்வதில்லை. என் முகத்தைப் பார்த்து டிபன் அக்கா கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி, டாக்டருக்கு கிராண்ட் கெடைக்கலையா?"

"இல்லக்கா."

"நாங்க தூங்காததுனாலயா?"

நான் கியரை மாற்றினேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் அன்று பாதிப் பேர் தூங்கவில்லை. பின்னாலிருந்து கடைசி சீட்டுத் தங்கச்சி கத்தினாள்: "அலமாக்! இப்ப வரச் சொல்லுங்கண்ணே. தூங்கிக் காட்டுறோம்!" உடனே ஒத்திகையும் பார்த்தாள். அவள் விட்ட குறட்டையில் மாக்சிக் விழித்துக்கொண்டு திட்டினார்.

இதைப் போய்ச் சொன்னபோது மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்காக முழிச்சிருந்ததும் உபசாரம், எனக்காகத் தூங்குறதும் உபசாரம். ரெண்டும் வேணாம். நான் அவங்களுக்கு விருந்தாளியா இல்லாமப் போகணும்" என்றாள்.

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. பல்கலைக்கழக விடுமுறை தொடங்கியதும், விடியற்காலையில் என்னோடு பஸ்ஸில் ஏறிவிடுவாள். பகல் சிப்ட் ஆட்களோடு போய், இரவு சிப்ட் ஆட்களோடு திரும்புவாள். தாள் இல்லை, பேனா இல்லை. வாங்கியிருந்த அனுமதியின் காலம் இன்னும் முடியவில்லை என்றாலும் எதையும் குறிக்கவில்லை. வெறும் பயணி. முதலில் அதே பவுடர், அதே மீகூன். பிறகு மீகூன் நின்றது. அப்புறம் பவுடர் நின்றது. ஆனாலும் யாரும் தூங்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவளை இனி வர வேண்டாம் என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

அவள் காலையில் பஸ், மற்ற நேரம் விண்ணப்பம் என்று இருந்தாள். ஒரு நாள் காலை, கூலாய் தாண்டி வெயில் நன்றாக ஏறியபோது, எனக்குப் பின்னால் ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது. அவள் கைப்பை. கண்ணாடியில் பார்த்தேன். டாக்டர் ஜன்னலில் தலை சாய்த்து, வாயை நன்றாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஒரு சிரிப்பு எழுந்தது. டிபன் அக்கா உடனே அடக்கினார். "உஸ்ஸ்... டாக்டர் தூங்குறாங்க!" எழுந்து வந்து, தன் துண்டை அவள் பக்கத்து ஜன்னலில் செருகி வெயிலை மறைத்தார். கைப்பையை எடுத்து அவள் மடியில் வைத்தார். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்து, கம்பியில் நெற்றியை வைத்தார். அதற்குப் பிறகு எனக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

ரெங்கத்தில் நான்தான் அவளை எழுப்பினேன். பதறி எழுந்தாள்.

"ஏங்க, அவங்க தூங்குனாங்களா?"

"எல்லாரும்."

"ஐயோ, நான் பாக்கலையே!"

"நான் பாத்தேனே."

"நீங்க ரோட்டப் பாக்கணும்" என்றாள் கோபமாக. நான் பார்த்ததை அவள் எங்கேயும் எழுதவில்லை.

மறுநாள் தொழிற்சாலை வாசலில் கடைசி சீட்டுத் தங்கச்சி படியில் ஏறும்போதே சொன்னாள்: "டாக்டரே வாயப் பொளந்தாச்சு. இனி நமக்கென்னா வெக்கம்?" சீட்டில் போய்க் காலை மடக்கிச் சுருண்டுகொண்டாள். அன்றிலிருந்து அவர்கள் பழையபடி தூங்கினார்கள். அன்றிலிருந்து மனைவி தாளை எடுத்தாள்.

இரண்டாவது விண்ணப்பத்தில் எல்லாம் இருக்கிறது. தூங்காத வாரம், தூங்கவைக்க முடியாத வாரங்கள், அவளே தூங்கிப்போன நாள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இத்தனை மாதங்கள் கேட்கிறாய் என்று முதல் முறை கேட்டிருந்தார்கள். இந்தப் பெண்கள் நம் முன்னால் கண்ணை மூடுவதற்கே அத்தனை நாள் ஆகும் என்று இந்த முறை பதில் எழுதியிருக்கிறாள். தன்னுடைய வாய் திறந்த தூக்கத்தைப் பற்றி ஒரு விண்ணப்பத்தில் எழுதுவதற்கு அவளுக்கு வெட்கமில்லை. எழுதியதைக் கேட்டு இந்த முறையும் யாராவது சிரித்தால், சிரிக்கட்டும்.

விண்ணப்பத்தை அனுப்ப வேண்டிய கடைசி நாள் காலையில் அவள் பஸ்ஸில்தான் இருந்தாள். எழுத வேண்டியது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்குப் போய் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. லாயாங் லாயாங் தாண்டியபோது அவள் போன் அதிர்ந்தது. பேராசிரியர். அவர் குரல் பெரியது. எனக்கும் கேட்டது.

"கடைசியா கேக்குறேன்மா. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் டைம் இருக்கு. பேர மாத்தி அனுப்பு. இந்த வாட்டியும் கெடைக்கலன்னா ஒன் காண்ட்ராக்ட என்னாலகூட காப்பாத்த முடியாது."

"வேணாம் சார்" என்றாள் அவள், மூச்சுவிடுகிற சத்தத்தில்.

"என்னது?"

"என் பேரே இருக்கட்டும் சார். கெடைச்சாலும் கெடைக்காட்டியும் நான் ஆரம்பிச்சிட்டேன். இப்ப அதுலதான் உக்காந்திருக்கேன்."

"என்னம்மா முணுமுணுக்கிற? ஒண்ணும் கேக்கல. சத்தமா பேசு!"

கண்ணாடியில் பார்த்தேன். அவள் போனை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, முன் சீட்டுக் கம்பிமேல் சாய்ந்திருந்த அக்காவை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"சத்தமா பேச முடியாது சார்" என்றாள். "எல்லாரும் தூங்குறாங்க."